ஆர்வில் வைக்கோல் கேட்பார்

ஆர்வில் டெஷ்ஷிடம் போய் "நாங்கள் போருக்குக் கிளம்புகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். வாள் இருக்கிறதா, மந்திரவாதி இருக்கிறானா, எதிரி எத்தனை பேர் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "குதிரைக்கு வைக்கோல் எவ்வளவு எடுத்துட்டுப் போறீங்க?" என்பார். வருஷக்கணக்காக இதே கேள்வி. வைக்கோல் என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்குப் பல் நறநறவென்று வரும்.

மனிதருக்கு உத்தியோகம் பனி அள்ளுவது. ஷெபாய்கன் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தின் சாலைகளில் குளிர்காலம் முழுக்க அந்தப் பெரிய மஞ்சள் லாரியை ஓட்டுகிறவர் அவர்தான். இளவயதில் கொரியாப் போருக்குப் போனார். அங்கேயும் லாரிதான். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "ரோடு சரியில்ல" என்பார். அதற்கு மேல் ஒரு எழுத்து வராது. உலகத்தில் நடக்கிற நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் ரோடுதான் காரணம் என்பது அவருடைய வேதம். ராஜா தோற்றாரா, ரோடு சரியில்லை. கல்யாணம் முறிந்ததா, ரோடு சரியில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ரகம்.

இந்த மனிதரிடம்தான் நாங்கள் சனிக்கிழமைதோறும் போய் மாட்டிக்கொள்வோம். விளையாட்டு என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வீரனாகவோ ராணியாகவோ நம்மை வைத்துக்கொள்வோம். நாம் என்ன செய்கிறோம் என்று நாம் சொல்ல, அதனால் என்ன நடந்தது என்று நடுவர் சொல்லுவார். சந்தேகம் வந்தால் பகடை தீர்மானிக்கும். நடுவர் ஆர்வில். நான் வெல்டா என்ற சீமாட்டி. என் தம்பி க்ளெமென்ஸ், எங்களுக்கு க்ளெம், கோர்மட் என்ற குள்ளர் அரசன். கறிக்கடை வெண்டல் ஒரு கோமகன். கோமகன் என்று பெயர்தான், வெண்டலுக்குச் சாப்பாட்டில்தான் கவனம்.

மற்ற ஊர்களில் பெரிய போர் வந்தால் எப்படி நடத்துவார்கள் தெரியுமா? மில்வாக்கியில் என் சிநேகிதி ஆடுகிற குழுவில், நடுவர் நாலு தடவை பகடை உருட்டுவார். "பத்தாயிரம் பேர் மோதுறாங்க, ரத்த ஆறு ஓடுது, நீங்க நேரா எதிரி ராஜா முன்னாடி நிக்கறீங்க" என்பார். அப்புறம் வாளைச் சுழற்ற வேண்டியதுதான். அரை மணியில் போர் முடிந்து பீட்சா வந்துவிடும். எங்கள் தலையெழுத்து அப்படி இல்லை. ஒருமுறை வெண்டல் பாலைவனத்துக் கோட்டையைப் பிடிக்கப் படை எடுத்தான். கோடையில் ஆரம்பித்து இலை உதிர்காலம் வரை ஆடினோம். கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஆர்வில் கண்ணாடியை ஏற்றினார்.

"கோவேறு கழுதைக்குத் தண்ணி?"

வெண்டல் சாசேஜை வாயில் வைத்தபடி உறைந்துபோனான். அத்தோடு அந்தப் போர் முடிந்தது. கோட்டைக்குள்ளிருந்து ஒரு அம்புகூட வரவில்லை. கழுதைகள் செத்தன, பின்னாலேயே நாங்களும் செத்தோம்.

அதைவிடக் கொடுமை அவர் போர் நடத்துகிற முறை. அவர் வீட்டு நிலவறையில் ஒரு பிங்பாங் மேஜை. அதன்மேல் மலை, ஆறு, காடு, நகம் உயரத்துக்கு ஈயச் சிப்பாய்கள். எங்கள் வீரர்களைத் தவிர அத்தனையும் அவரே வண்ணம் பூசியவை. ஆனால் போர் நாளில் அந்த மேஜையை நாங்கள் பார்க்கக் கூடாது. தளபதிக்கு ஒரு அறை. நான் சமையலறை, க்ளெம் கார் ஷெட், வெண்டல் படுக்கையறை. ஆர்வில் படி ஏறி வந்து, நம் காவல்காரன் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை மட்டும் சொல்லுவார். நாம் உத்தரவை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்து அறைத் தளபதிக்குச் சேதி அனுப்பினால் அதைக் குதிரைக்காரன் கொண்டுபோகிறதாகக் கணக்கு. ரோடு எப்படி, ஆறு எப்படி, குதிரை எப்படி என்று பார்த்து, போய்ச் சேருகிற நேரத்துக்குத்தான் அந்தக் காகிதம் அடுத்த அறைக்குப் போகும். குதிரைக்காரன் வழியில் செத்தால் காகிதம் அவர் சட்டைப்பையிலேயே இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு கீழேயிருந்து, "மேஜை பாக்கலாம்" என்று ஒரு குரல் வரும். அப்போதுதான் இறங்கிப் போய், நாள் பூராவும் என்ன முட்டாள்தனம் பண்ணியிருக்கிறோம் என்று கண்ணால் பார்ப்போம்.

"எதுக்குய்யா இந்தக் கண்ணாமூச்சி? மேஜையைக் காட்டினா குறைஞ்சா போயிடுவ?" என்று நான் சண்டை போடாத மாதம் கிடையாது.

"சண்டைல எவனுக்கும் மேஜை தெரியாதும்மா" என்பார். அவ்வளவுதான் பதில்.

இன்னொரு வழக்கமும் அவருடையதே. அவர் வீட்டு நிலவறைச் சுவரில் மடக்கு நாற்காலிகள் தொங்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் நாடா ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். ஊரைவிட்டுப் போகிறவருடைய வீரன் உயிரோடு இருந்தால் நாற்காலி சுவரிலேயே இருக்கும். சியாட்டிலுக்குப் போன ஹார்லன் கிறிஸ்துமஸுக்கு வந்தால், போன தடவை விட்ட இடத்திலிருந்து அவன் மந்திரவாதி கோபுரத்தைவிட்டு இறங்கி வருவான். வீரன் செத்திருந்தால் பொம்மை காப்பி டின்னுக்குள் போகும், நாடாவைக் கிழித்துவிடுவார், நாற்காலி அடுத்த ஆளுக்கு. புது வீரனை உருவாக்க வேண்டுமென்றால் செப்டம்பர் முதல் சனிக்கிழமை, மேஜையில் உட்கார்ந்து, தன் கையால் பகடை உருட்ட வேண்டும். போன் பண்ணி உருட்டச் சொல்வதெல்லாம் நடக்காது.

அந்த மார்ச்சில் என் தம்பி ஊரைவிட்டுப் போவதாக இருந்தான். நாற்காலிகள் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். முதலாளி அதை மூடிவிட்டார். மனைவியின் மாமா ஃபீனிக்ஸில் வீடு கட்டுகிறார், அங்கே தச்சு வேலை இருக்கிறது என்று கூப்பிட்டார். எல்லாம் முடிவு பண்ணி, வாடகை வீட்டையும் காலி பண்ணுவதாகச் சொல்லிவிட்டு, கடைசியில் எனக்குச் சொன்னான். வயிறு எரிந்தது. அப்பா அம்மா போன பிறகு இந்த ஊரில் எனக்கு அவன், அவனுக்கு நான். என்னிடம் சொல்லுவதற்கு முன்னால் வெண்டலிடம் சொல்லியிருக்கிறான், வெண்டலிடம்! அதோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை மேஜையில் மட்டும் வெல்டா கோர்மட்டிடம் பேசுவாள்.

அங்கே வைத்துத்தான் ஒருநாள், ஆர்வில் காப்பி எடுக்கப் போயிருந்தபோது, அவன் மெல்லச் சொன்னான்.

"அக்கா, கோர்மட் உயிரோட இருந்தாப் போதும்க்கா. நாற்காலி இருக்கும். நாற்காலி இருந்தா நான் வந்துதானே ஆகணும்?"

"நாற்காலி இருந்தாத்தான் வருவியா? அக்கா இருந்தா வரமாட்டியா?"

"நீதான் பேசவே மாட்டேங்கறியே. நாற்காலி பரவால்ல, திட்டாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலி போய்விடக் கூடாது என்று அன்றைக்கு மனதுக்குள் முடிவு பண்ணினேன்.

போர் என்னவோ குளிர்கால ஆரம்பத்திலேயே தயார். வடக்கு மலையிலிருந்து கூளிப்படை வருகிறது. கூளிகள் என்றால் குட்டையான, கோரப் பல்லுள்ள பேய்கள். அவற்றின் அரசன் நிக்ராட் எட்டு வருஷமாக எங்கள் உயிரை எடுக்கிறவன். கெல் என்ற ஆற்றுப்பாலத்தை நான் பிடித்து நிற்க வேண்டும். க்ளெமின் குள்ளர் படை தெற்கு ரோட்டில் வந்து என்னோடு சேர வேண்டும். வெண்டல் பின்னால் காத்திருக்க வேண்டும். எளிமையான திட்டம். ஆனால் போருக்கென்று குறித்த ஒவ்வொரு சனிக்கிழமையும் பனி கொட்டியது. பனி கொட்டினால் ஆர்வில் லாரியில். ஒரு வழியாக, க்ளெம் திங்கட்கிழமை கிளம்பவிருந்த வாரத்தில்தான் வானம் வெளுத்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் சமையலறையில் உட்கார்ந்தேன். ஆர்விலின் மனைவி ஆர்டிஸ் பெரிய பாத்திரத்தில் பீரும் வெங்காயமும் போட்டு சாசேஜ் வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஆர்டிஸுக்கு விளையாட்டில் ஒரு இழவும் தெரியாது என்று சொல்லிக்கொள்வாள். அத்தனையும் தெரியும்.

ஆர்வில் மூச்சு வாங்கியபடி ஏறி வந்தார். "மூடுபனி. பாலத்துலேருந்து பார்த்தா பத்தடி தெரியுது. ஆர்டர்?"

"க்ளெம் எங்கே?"

"தெற்கு ரோட்டுல யாரும் தெரியல."

"இப்பவேவா? ஆரம்பத்துலேயே லேட்டா?" காகிதத்தை இழுத்து எழுதினேன். வடக்கிலிருந்து யார் வந்தாலும் அம்பு விடு. கேள்வி கேட்காதே.

அவர் அதைப் படித்தார். "யார் வந்தாலும்?"

"யார் வந்தாலும்யா."

"கேள்வி?"

"கேக்க வேண்டாம்னு எழுதியிருக்கேன்ல? கண்ணாடியை மூக்குல போட்டுப் படி."

போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். "வடக்குக் கரைல ஒரு குதிரைக்காரன் வந்தான். உங்க ஆளுங்க அம்பு விட்டாங்க. விழுந்துட்டான்."

"பலே! கூளி வேவுக்காரன் ஒழிஞ்சான். ஆர்டிஸ், பார்த்தீங்களா?"

"பார்த்தேன், பார்த்தேன்" என்று ஆர்டிஸ் வெங்காயத்தைக் கிளறினாள்.

"க்ளெம்?" என்றேன்.

"தெற்கு ரோட்டுல யாரும் தெரியல."

எனக்கு ஏறிக்கொண்டு வந்தது. கார் ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. அந்தப் பக்கம் அவன் தும்மினால் கேட்கும். கதவைத் திறந்து, எங்கேடா தொலைஞ்சே என்று ஒரு கத்துக் கத்தலாம். கத்தினால் ஆர்வில் போரை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார், ஏற்கெனவே ஒரு தடவை செய்திருக்கிறார். நான் கதவையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

"ஃபீனிக்ஸ் போறவனுக்கு இந்தப் பாலம் எதுக்கு?" என்று ஆர்டிஸிடம் பொருமினேன். "கழட்டிவிட்டுட்டான். அங்கே எப்படியோ இங்கேயும் அப்படித்தான். சொல்லாம கொள்ளாம."

"சும்மா இரு லூசில். வருவான். பன் எடுத்துட்டு வர்றேன்" என்று ஆர்டிஸ் நிலவறைக்கு இறங்கினாள். ஃப்ரீசர் அங்கேதான், பிங்பாங் மேஜையைத் தாண்டிப் போக வேண்டும்.

திரும்பி வந்தவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கையில் ஒன்றும் இல்லை.

"பன் எங்கே?"

"என்ன பன்?"

"பன் எடுக்கத்தானே போனீங்க?"

"ஆமா இல்ல?" என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஏற்கெனவே கலக்கின பாத்திரத்தையே கலக்கிக்கொண்டிருந்தாள்.

ஆர்வில் வந்தார். இந்தத் தடவை வாசற்படியிலேயே நின்றார். "மூடுபனிக்குள்ள காலடிச் சத்தம். நிறைய. வடக்குக் கரைலேருந்து. குட்டையான ஆளுங்க."

"கூளிங்க வந்தாச்சா!"

"கூளின்னு நான் சொல்லல. குட்டையான ஆளுங்க."

"வடக்குலேருந்து குட்டையா வேற எவன்யா வருவான்? உன் பாட்டனா?"

"காவல்காரன் பார்த்தது அவ்வளவுதான்."

ஆர்டிஸ் கரண்டியைப் பிடித்தபடி சொன்னாள்: "லூசில், ஒரு தடவை யாருன்னு கேட்டுத்தான் பாரேன்."

"ஆர்டிஸ்" என்றார் ஆர்வில். ஒரே சொல். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைக்கும்? மூளை பூரா க்ளெம் மேலிருந்த கோபம். ஆர்டிஸ் வழக்கம்போல இளகுகிறாள் என்று நினைத்தேன். பாலத்தில் இருந்த அத்தனை வில்லாளிகளையும் முன்னால் நிறுத்தினேன்.

கீழே பகடை மேஜைமேல் உருளுகிற சத்தம் சமையலறைத் தரை வழியாகக் கேட்கும். உருண்டது, உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது. ஆர்வில் ஏறி வருவார், சொல்லுவார், இறங்குவார். அவர்கள் விழுந்தார்கள். எழுந்து வந்தார்கள். என் ஆட்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள். கூளிகள் இப்படி நின்று சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. வழக்கமாக நாலு அம்பு பட்டால் ஓடுகிற ஜாதி.

கடைசியாக வந்தபோது ஆர்வில் உட்கார்ந்துவிட்டார். போர் நடுவில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஒருத்தன் முன்னாடி நின்னு பாலத்து மேல ஏறி வர்றான். கூட வந்தவங்க விழுந்துட்டாங்க. அவன் நிக்கல. ஏதோ கத்திக்கிட்டே வர்றான்."

"என்னன்னு?"

"சத்தத்துல கேக்கல."

"நிக்ராட்டேதான்! எல்லா அம்பும் அவன் மேல."

காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தார். "இதான் ஆர்டரா?"

"இதான்யா ஆர்டர்! எழுதினது தெரியலையா? போய் உருட்டு!"

போனார். பகடை உருண்டது. ஒரே தடவை. அப்புறம் சத்தமே இல்லை. ஆர்டிஸ் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மேஜை பாக்கலாம்" என்றது குரல்.

நான்தான் முதலில் இறங்கினேன், ஜெயித்த மிதப்பில். பாலத்தில் என் ஆட்கள் கொஞ்சம் பேர் மிச்சம். பாலத்துக்கு வடக்கே தரை பூராவும் சாய்த்துவைத்த பொம்மைகள். சின்னச் சின்னக் கோடரி. சின்னச் சின்னத் தாடி. பாலத்தின் சரியாக நடுவில், செம்பு நிறத் தாடியும் உடைந்த கொம்பு வைத்த தலைக்கவசமுமாக ஒருவன் குப்புறக் கிடந்தான். அந்தத் தாடிக்கு வண்ணம் பூசியபோது க்ளெம் என் வீட்டு மேஜையைத்தான் பாழ்பண்ணினான். அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

பின்னால் க்ளெம் படியில் நின்றுவிட்டான். வெண்டல் சாசேஜைக் கடித்தபடி வந்து, "யாரு ஜெயிச்சது?" என்றான்.

"தெற்கு ரோட்டுல வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு" என்றார் ஆர்வில். "இவன் ஆத்தைத் தாண்டி வடக்குக் கரையோட சுத்தி வந்தான். 'நான் வடக்கிலிருந்து வருகிறேன்'னு சொல்ல ஒரு குதிரைக்காரனை முன்னாடி அனுப்பினான்."

"அந்தக் குதிரைக்காரன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். பலே என்று கைதட்டினது நான்தானே.

க்ளெம் இறங்கி வந்தான். "பாலத்துலேருந்து அம்பு வந்துது. கூளிங்க பாலத்தைப் பிடிச்சிட்டாங்கன்னு நினைச்சேன். நீ செத்துட்டேன்னு நினைச்சேன்க்கா. இல்லேன்னா நான் எதுக்கு இப்படிப் பைத்தியக்காரன் மாதிரி உள்ள பூந்து வரப்போறேன்?"

"கத்தினியாமே. என்னடா கத்தின?"

"உன் பேரைத்தான். வெல்டா, வெல்டான்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நகம் உயரத்து ஈயப் பொம்மைக்காக அழுகிறாளே என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெண்டல் மேஜை முழுக்கத் தேடினான். "கூளிங்க எங்கே? ஒருத்தனைக்கூடக் காணோம்?"

ஆர்வில் மேஜையின் மறுகோடியைக் காட்டினார். மலைக்கு அந்தப் பக்கம், துளி சேதாரம் இல்லாமல், அத்தனை கூளிகளும் முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நேத்தே திரும்பிட்டாங்க. வைக்கோல் தீந்துபோச்சு."

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்லுவது? "யோவ்! எதிரியே இல்லாத போரா? நாள் பூரா படி ஏறி ஏறி வந்தியே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? குட்டையான ஆளுங்க, குட்டையான ஆளுங்கன்னு கிளிப்பிள்ளை மாதிரி சொன்னியே, தாடின்னு ஒரு சொல் சொன்னா நாக்கு அழுகிடுமா? நீயெல்லாம் மனுஷனா?"

"பனில தாடி தெரியாதும்மா."

"மாத்துய்யா இதை! கடைசி ஆர்டர் போய்ச் சேரலன்னு சொல்லு. காயம் பட்டுதுன்னு சொல்லு. திங்கக்கிழமை போறான்யா அவன்!"

"நான்கூடத் தூங்கிட்டேன், என் படையும் சும்மா நின்னுது, அதுக்காகவாவது மாத்துங்க" என்று வெண்டல் ஒரு நியாயம் கண்டுபிடித்தான்.

"ஆர்வில்" என்றாள் ஆர்டிஸ். இந்தத் தடவை அவள் முறை.

அவர் தலையை ஆட்டினார். "நடந்தது நடந்ததுதான். இன்னைக்கு மாத்தினா, இதுக்கு முன்னாடி செத்தவங்ககிட்ட நான் என்ன சொல்றது?" காப்பி டின்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

க்ளெம் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. பாலத்திலிருந்து கோர்மட்டை எடுத்தான், தாடியை ஒருமுறை கட்டைவிரலால் தடவினான், டின்னுக்குள் போட்டான். டங் என்று கேட்டது. அப்புறம் சுவருக்குப் போய்த் தன் நாற்காலியின் முதுகிலிருந்து நாடாவைத் தானே உரித்தான். அது லேசில் வரவில்லை, நகத்தால் சுரண்டினான். நான் பார்க்க முடியாமல் படியில் உட்கார்ந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் போகிறான் என்று திட்டினேனே, நாற்காலியைப் பறித்து அனுப்புகிறவள் நான்.

ஆர்வில் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஃபீனிக்ஸ்லேருந்து தபால் வர எத்தனை நாள் ஆகும்?"

"என்னது?" என்றான் க்ளெம். "நாலு நாள், அஞ்சு நாள் ஆகும்."

"மலையைத் தாண்டிக் குதிரைக்காரன் வர்றதும் அவ்வளவுதான்." அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். வைக்கோல் கேட்கும்போது மட்டுமே நான் அங்கே பார்த்த சந்தோஷம். மேஜையின் மறுகோடிக்குப் போனார், கூளிகளுக்கு நடுவிலிருந்து ஒருவனைத் தூக்கி வந்தார், க்ளெமின் உள்ளங்கையில் வைத்தார். நிக்ராட்.

"இவன் சாகல."

"இவன் உங்க ஆளாச்சே?"

"புது ஆளை உருவாக்கணும்னாத்தான் மேஜைல உக்காந்து உருட்டணும். இவன் பழைய ஆளு. யாருக்கு வேணா கை மாத்தலாம். ஆர்டரைத் தபால்ல அனுப்பு. வந்து சேர்ற அன்னைக்கு நடக்கும்."

"அப்போ நான் எதிரியா?"

"ஆமா."

"இனிமே நான் இவனோட சண்டை போடணுமா?" என்று படியிலிருந்து கேட்டேன்.

"இந்தக் குளிர்காலம் பூரா வேற என்ன பண்ணீங்க?" என்றார் ஆர்வில். நாடாச் சுருளை எடுத்து ஒரு துண்டு கிழித்து நாற்காலி முதுகில் ஒட்டி, க்ளெமென்ஸ் என்று பெரிய எழுத்தில் எழுதினார். அதைச் சுவரின் இந்தப் பக்கத்தில் மாட்டாமல், நேர் எதிர்ச் சுவரில் தனியாக மாட்டினார். ஆர்டிஸ் எங்கள் எல்லோரையும் சாப்பிட வரச் சொன்னாள். பன் இல்லாமல்தான் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலையில் வண்டி கிளம்பும்போது போய் நின்றேன். ஐஸ் பெட்டி நிறைய வெண்டல் கடை சாசேஜும் பாலாடைக்கட்டியும் கொடுத்தேன். "அங்கே இதெல்லாம் கிடைக்காது. பாலைவனம். கழுதைக்குக்கூடத் தண்ணி இருக்காது" என்றேன். "திட்டாம அனுப்பமாட்டியாக்கா?" என்றான். கட்டிப்பிடித்துக்கொண்டான், நானும் பிடித்துக்கொண்டேன். வண்டி போய்விட்டது.

அதற்கப்புறம் தினமும் ஆர்டிஸுக்குப் போன் பண்ணி, தபால் வந்ததா, தபால் வந்ததா என்று கேட்டு அவள் பிராணனை வாங்கினேன். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆர்வில் உறையைப் பிரித்தார், அவருக்கே உரிய ஆமை வேகத்தில்.

"கூளி அரசன் நிக்ராட்டின் உத்தரவு" என்று படித்தார். "போன தடவை வைக்கோல் இல்லாமல் கிளம்பினது முட்டாள்தனம். இந்தத் தடவை முதலில் புல் வளரட்டும். அறுத்து, காயவைத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஜூன் கடைசியில் வருகிறோம். அதுவரைக்கும் பாலத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும்."

"புல்லே முளைக்காத ஊர்ல உக்காந்துட்டுப் புல்லைப் பத்தி எழுதுறான் பாரு" என்றான் வெண்டல்.

ஆர்வில் அந்தக் காகிதத்தை இரண்டாவது தடவை தனக்குள்ளேயே படித்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருவன் கேட்பதற்கு முன்னாலேயே வைக்கோல் எழுதியிருக்கிறான். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. வைக்கோலுக்கு!

"ஜூன் கடைசில கூளிங்க மட்டும்தான் வருமா?" என்று கேட்டேன்.

"உறைல ரெண்டாவது சீட்டு இருக்கு. ஜூன்ல லீவு கிடைச்சிருக்காம். நாற்காலியைத் தொடச்சு வைக்கச் சொல்றான்" என்று அதை என்னிடம் நீட்டினார். "உங்க ஆர்டர் என்ன?"

நான் துண்டுக் காகிதத்தை இழுத்து எழுதினேன். பாலத்தைச் செப்பனிடு. வடக்கிலிருந்து யார் வந்தாலும் முதலில் பெயரைக் கேள்.

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் படித்தார். தலையாட்டினார். அப்புறம் கண்ணாடி மெல்ல நெற்றிக்கு ஏறியது.

"ஜூன் வரைக்கும் பாலத்துலேயே நிக்கப்போறீங்க?"

"நிப்பேன்."

"குதிரைக்கு வைக்கோல் எவ்வளவு?"

பல்லைக் கடித்துக்கொண்டு, ஜூன் வரைக்கும் வேண்டியதை எழுதிக் கொடுத்தேன்.